எச்சம் முற்றாவது எந்நாள்?



எட்டாம் வகுப்பில் ஒருநாள் வினையெச்சம் நடத்திக்கொண்டிருந்தேன். 'வந்து', 'உண்டு', 'கழுவி' என்னுஞ் சொற்கள் வினையை உணர்த்தினும் பொருள் முடிவு பெறாமல் நிற்பன. முடிக்குஞ் சொல்லொன்றை அவாவி நிற்பன. 'கழுவி முடித்தான்' என்று முற்று வந்து சேர்ந்தபின்னரே கருத்து நிறைவுறும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் தெருவில் குடிநீர்க் கடை இருக்கிறது. அங்கே ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வரும். இன்னொரு குழாயில் வருகிற தண்ணீரைச் சாய்க்கடையில் விட்டுவிடுவார்கள். அதுவும் எச்சந்தானே? அதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டான்.

வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. விடையும் உடனே வரவில்லை. "நாளை சொல்கிறேன், தம்பி" என்று அமரச் செய்தேன். வீட்டிற்கு வந்த பின்னும் அவ்வினா என்னை விடவில்லை. பெயரில்லாத பொருளைப் பற்றி யாரும் வினவுவதில்லை. வினவாத பொருளுக்கு யாரும் கணக்குக் காட்டுவதில்லை. பெயரிடாமல் விடுவதே அப்பொருளை மறைப்பதற்கு எளிய வழி என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

திருவதிகை, சூலைநோயால் துடித்த நாவுக்கரசர் தம் தமக்கையார் திலகவதியாரை நாடிவந்து, கெடிலக்கரை வீரட்டானத்தில் தம் முதற்பதிகத்தைப் பாடி நோய் நீங்கிய ஊர். அவ்வூரில் இன்று வயிற்றுக்கு அஞ்சுவோர் இருபது இலிட்டர்க் குடுவையை நாடுகின்றனர். அக்குடுவையை நிரப்பும் முறைக்குப் பாடநூலில் 'எதிர் சவ்வூடு பரவல்' என்று பெயருண்டு. தெருவிலோ அது வெறும் 'ஆர்.ஓ.'. அழுத்தங் கொடுத்து நீரை ஒரு மென்சவ்வின் வழியே செலுத்த, நீர் கடந்து செல்லும். கரைந்துள்ள உப்பும் பிறவும் பெரும்பாலும் பின்தங்கும். பின்தங்கியவற்றைச் சுமந்துகொண்டு மற்றொரு குழாயில் வெளியேறுவதே மாணவன் கேட்ட நீர். வீட்டுப் பொறிகள் பலவற்றில் ஒரு குடம் நன்னீருக்கு மூன்று குடம் இவ்வாறு வெளியேறுவதுண்டு. கரைந்த உப்பு இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாயுள்ள இடங்களில் இப்பொறியே வேண்டா என்று 2019ஆம் ஆண்டில் நாட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியதும் இதனாலேயே.

மறுநாள் மாணவனிடம், "தம்பி, அதற்குச் 'செறிகழிவு' என்று பெயர் வைப்போம்" என்றேன். செறிதல் என்பது நெருங்குதல், அடர்தல். நூறு குடம் நீரிலிருந்து எண்பது குடம் தூய நீரைப் பிரித்தெடுத்தால், நூறு குடத்து அழுக்கும் எஞ்சிய இருபது குடத்தில் செறிந்து நிற்கும். அழுக்கு ஐந்து மடங்காகும். சவ்வு எதனையும் அழிப்பதில்லை. பிரித்துத் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆதலின் சவ்வோடு நின்றுவிடும் தூய்மையாக்கம் எதுவும் வினையெச்சமே. அதற்கு முற்று எங்கே என்பதுதான் இக்கட்டுரையின் வினா.

குடிநீர்க் கடையின் செறிகழிவில் மிகுதியாயிருப்பது நிலத்தடி நீரின் உப்பே. சாயப்பட்டறையின் செறிகழிவோ அத்தகையதன்று. இவ்வினா தமிழ்நாட்டில் எத்துணைப் பெரிதாக எழுந்தது என்பதைத் திருப்பூரிற் காண்க.

வெள்ளிங்கிரி மலையிற் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யல், ஒரு காலத்தில் வரிசையாகக் குளங்களை நிரப்பி உழவை வாழ்வித்த ஆறு. பின்னலாடைத் தொழில் ஓங்க ஓங்க அவ்வாறு சாயநீர்க் கால்வாயாயிற்று. உழவுக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. அணை கட்டவேண்டும் என்று உழவர் போராடுவதை உலகம் அறியும். அணையில் நீரைத் தேக்காதீர் என்று உழவரே வழக்காடிய கொடுமையைத் தமிழ்நாடு கண்டது.

நொய்யல் பாசன உழவர் தொடுத்த வழக்கில் 2006ஆம் ஆண்டு திசம்பரில் சென்னை உயர் அறமன்றம், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடலாகாது என்னும் நிலையை எய்தவேண்டுமென ஆணையிட்டது. 2009இல் உச்ச அறமன்றமும் உழவர் பக்கமே நின்றது. ஆணை நிறைவேறாமையால் 2011 சனவரி 28ஆம் நாள், எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகளையும் பொதுத் தூய்மையாக்க நிலையங்களையும் மூடுமாறு உயர் அறமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாயிரவர் வேலை இழந்தனர். தமிழ்நாட்டரசு வட்டியில்லாக் கடனாக உருபா 200 கோடி அறிவித்தது. ஆற்றையும் காக்கவேண்டும், உழைப்பாளியின் அடுப்பும் எரியவேண்டும் என்னும் இருதலைக் கொள்ளி நிலை அது. அந்நிலைக்குத் தீர்வு காண முயன்றபோதுதான் செறிகழிவு என்னும் பூதம் எழுந்து நின்றது.

சாயமிடும் வினையைச் சற்று நோக்குவோம். பருத்தியிற் பற்றும் சாயம் நூலோடு பிணைய வேண்டுமாயின், ஒவ்வோர் இலிட்டர் நீருக்கும் 30 முதல் 100 கிராம் வரை உப்பிடவேண்டும். அவ்வுப்பு துணியில் ஏறுவதில்லை. முழுவதும் கழிவிற்கே வரும். சாயத்திலும் ஒரு பங்கு, சில வகைகளில் மூன்றில் ஒரு பங்குவரை, நூலிற் பற்றாமல் நீரோடு போகும். ஆகவே இக்கழிவில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று உப்பு. மற்றொன்று சாயமும் துணைப்பொருள்களுமாகிய கரிமச் சேர்மங்கள்.

இக்கரிமச் சேர்மங்களை அளக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. 'பி.ஓ.டி.', 'சி.ஓ.டி.' என்று அறிக்கைகளில் இருப்பவை அவையே. நுண்ணுயிர்கள் நீரிலுள்ள அழுக்கைத் தின்னும்போது எவ்வளவு உயிர்வளியைச் செலவிடுகின்றன என்பது முன்னது. நம் நாட்டில் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளப்பர். வலிய வேதிப்பொருளால் அழுக்கை எரித்தால் எவ்வளவு உயிர்வளி வேண்டும் என்பது பின்னது. முன்னதை உயிர்வழித் தேவை என்றும் பின்னதை வேதிவழித் தேவை என்றும் சொல்வோம். ஆறுகளில் விடப்படும் கழிவுநீருக்கு முன்னது இலிட்டருக்கு 30 மில்லிகிராம், பின்னது 250 மில்லிகிராம் என்பது நம் நாட்டுப் பொதுவரம்பு.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டிலேதான் மறைபொருள் உள்ளது. நுண்ணுயிர் தின்னக்கூடியது உயிர்வழித் தேவையில் தெரியும். தின்ன மறுப்பது வேதிவழித் தேவையில் மட்டுமே தெரியும். வெயிலுக்கும் வெளுப்பிற்கும் சோப்பிற்கும் அசையாதிருக்க வேண்டுமென்றே படைக்கப்பட்ட சாயம், நுண்ணுயிரின் வாய்க்கு மட்டும் எளிதில் அகப்படுமா? அகப்படாது. எனவே நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்து, மணல் வடிப்பைக் கடந்து, சவ்வின் வாயிலில் தடுக்கப்பட்டுச் செறிகழிவிற் குவிந்து நிற்பவை பெரும்பாலும் இவ்வுறுதிமிக்க சேர்மங்களே. எளிய அழுக்குகள் எல்லாம் முன்னரே போயின. அரிய அழுக்குகள் ஐந்து மடங்காய்த் திரண்டு நிற்கின்றன.

இச்சாயங்களுள் 'அசோ' வகையிற் சில சிதைவுறும்போது புற்றுநோய் விளைக்கும் அமீன்களைத் தருவன. இதனை அறிந்த செருமனி 1994இல் அத்தகைய சாயமிட்ட ஆடைகளைத் தடுத்தது. இந்திய அரசும் பின்னர் அச்சாயங்களைத் தடை செய்தது. நன்றே. ஆனால் ஒன்றை ஓர்ந்து பாருங்கள். செருமானியனின் தோலில் படும் சட்டையைக் காக்க ஆடை வாங்கும் நாடு சட்டம் செய்தது. அச்சட்டையை நனைத்த நீரைக் குடிக்கும் தமிழனின் குடலைக் காக்க நொய்யல் உழவன் அறமன்றப் படியேற வேண்டியிருந்தது! ஆடை கப்பலேறிற்று, உப்பும் சாயமும் நம் மண்ணில் தங்கின. ஏற்றுமதிக் கணக்கில் ஆடைக்கு விலை எழுதினார்கள், மண்ணுக்கு எழுதவில்லை.

சரி, செறிகழிவை என் செய்வது? காய்ச்சி ஆவியாக்குவது ஒரு வழி. ஆவி குளிர்ந்து நீராகும். அடியில் உப்பு மிஞ்சும். எரிபொருட் செலவு மிகுதி. அதனினும் பெரிய தொல்லை, மிஞ்சும் உப்பின் தன்மை. சாயமும் கரிமமும் கலந்து நிறம் மாறிய கலப்புப்பை எவனும் விலைக்கு வாங்கான். மீண்டும் சாயமிடவும் உதவாது. மூட்டைகளாகக் கொட்டகையில் அடுக்கி வைப்பர். ஒரு பெருமழையில் கொட்டகை ஒழுகினால், செலவிட்டுப் பிரித்த உப்பெல்லாம் மீண்டும் நிலத்தடி நீரிற் புகும். எச்சத்திற்கும் எச்சம் இது!

ஆகவே உப்பைப் பிரிப்பதற்கு முன்னரே செறிகழிவிலிருந்து கரிமச் சேர்மங்களை நீக்க வேண்டும் என்பதே முகன்மையான செய்தி. கரிமம் நீங்கினால் உப்புநீர் தெளியும். தெளிந்த உப்புநீர் கழிவன்று. சாயத்தொழிலுக்கு வேண்டிய முதற்பொருள். திருப்பூரை அடுத்த அருள்புரம் பொது நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தார் இவ்வழியை மேற்கொண்டு, தெளிவித்த உப்புநீரை மீண்டும் சாயமிடவே திருப்பியனுப்பிக் காட்டினர். காய்ச்ச வேண்டிய நீரின் அளவு குறைந்தது. புதிதாக வாங்கவேண்டிய உப்பும் குறைந்தது. தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டு நிறுவனத்தார் செய்த இச்செயலைப் பாராட்டாமல் விடுவது பிழை. குற்றங் கூறத் தெரிந்த நமக்கு நற்செயலை ஒப்பவும் தெரியவேண்டும்.

கரிமத்தை நீக்கும் வழிகள் பல. ஓசோனைச் செலுத்தினால் சாயத்தின் பிணைப்பு முறியும், நிறம் மாயும். ஆனால் நிறம் போனதனால் நஞ்சு போயிற்று என்பது பொருளன்று. பெருஞ்சேர்மம் சிறுசேர்மங்களாய் உடைந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கலாம். வேதிவழித் தேவையை அளந்த பின்னரே உண்மை தெரியும். இரும்புப்பையும் ஐதரசன் பெராக்சைடையும் சேர்த்துக் கரிமத்தை எரிக்கும் முறை, 1894இல் ஆங்கில வேதியலார் பென்டன் கண்ட வினையை அடிப்படையாகக் கொண்டது. அது வலிய முறையே. ஆயினும் இரும்புச் சேற்றை மிச்சம் வைக்கும். நுண்டுளைகள் நிறைந்த செயலூட்டிய கரி, சேர்மங்களைத் தன் பரப்பில் ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். அக்கரி நிரம்பிய பின் அதனைச் சூளையிலிட்டு மீட்க வேண்டும். குப்பையில் கொட்டினால் பழைய கதையே.

ஒவ்வொரு முறைக்கும் ஓர் எச்சம் உண்டு என்பது இதனால் விளங்கும். கரிமம் முழுதும் எரிந்து கரிவளியும் நீருமாகப் பிரியும்போதோ, உப்பு மீண்டும் தொழிலுக்குத் திரும்பும்போதோதான் வினை முற்றாகும். மாந்தரின் தகுதியை அவர் விட்டுச்செல்வதைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. தொழிலின் தகுதிக்கும் அதுவே உரைகல்.

செயலூட்டிய கரி என்றதும் எனக்கு அடுத்த ஊரான நெய்வேலியின் நினைவு வருகின்றது. 1930களில் சம்புலிங்கர் நிலத்தில் தென்பட்ட பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் சுரங்க வேலை தொடங்கிற்று. அக்கரியைச் சுட்டு 'லெக்கோ' என்னும் பெயரில் புகையில்லா அடுப்புக்கரி செய்து விற்ற ஆலையொன்று அங்கு இருந்தது, பின்னாளில் மூடப்பட்டது. நிலக்கரியைச் சுடும்போது பீனால் முதலிய நச்சுக் கரிமங்கள் வெளிப்படும். அவற்றை வெறுங்கழிவாக விடாமல் கார்பாலிக்குக் காடியாகவும் கிரெசாலாகவும் பிரித்து விற்ற வரலாறும் அவ்வாலைக்கு உண்டு. எச்சத்தைப் பொருளாக்கும் வினை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று.

பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்யும் கரி நீரைத் தூய்மையாக்கப் பயன்படுவதும் புதிதன்று. செருமனியில் இரைன் ஆற்றுப் பகுதியின் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த கரி, கழிவுநீரையும் புகையையும் வடிக்கப் பயன்படுகிறது. அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்திலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து செயலூட்டிய கரி செய்கின்றனர். தேங்காய்ச் சிரட்டைக் கரி நம் கொங்குநாட்டிலேயே செய்யப்படுகிறது. அதன் துளைகள் மிக நுண்ணியவை. சிறு சேர்மங்களுக்கு ஏற்றவை. பழுப்பு நிலக்கரிக் கரியின் துளைகளோ சற்றே அகன்றவை. சாயம் போன்ற பெருஞ்சேர்மங்கள் நுழைந்து தங்க இடந்தருவன. இந்தியாவின் பழுப்பு நிலக்கரியில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் உள்ளது. கிழக்கே நெய்வேலியில் மருந்து; மேற்கே திருப்பூரில் நோய். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் கண்தான் வேண்டும்.

இதனால், மேலும் நிலத்தைத் தோண்டுக என்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டா. நிலக்கரிக்காக வயலையும் கிணற்று நீரையும் இழந்த சிற்றூர்களின் நடுவே வாழ்பவன் நான். ஏற்கெனவே வெட்டியெடுத்து அனல்மின் உலையில் எரிக்கும் கரியிலிருந்து ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கி ஆய்ந்து பார்க்கலாம் என்பதே கருத்து. ஆய்வில் தேறினால் ஏற்போம்; தேறாவிடில் விடுவோம்.

இனித் தமிழ்ப்பற்றாளர்க்கு ஒரு சொல். "சாயநீருக்கும் தனித்தமிழுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு மிக நெருங்கியது. தொழிலகங்கள் தாம் கையாளும் நச்சுப்பொருள்களையும் வெளியிடும் கழிவுகளையும் வாயிலில் பலகை வைத்து அறிவிக்க வேண்டுமென்று 2003 அகுத்தோபர் 14ஆம் நாள் உச்ச அறமன்றம் ஆணையிட்டது. யாருக்காக அப்பலகை? வாயிலைக் கடந்து நடக்கும் ஊராருக்காக. நான் கண்ட பலகைகளிலோ ஆங்கிலக் குறுக்கெழுத்துகளே நின்றன. அவற்றைப் படிக்கக்கூடியவன் அவ்வூரில் வாழவில்லை. வாழ்பவனால் படிக்க முடியவில்லை. எழுத்தறிந்த மக்களை எழுத்தாலேயே குருடாக்கும் வித்தை இது. உரிமை இருக்கிறது, அதை ஆளும் மொழி இல்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க மாட்டேன். கலைச்சொல் ஆக்கி ஏட்டில் அச்சிட்டவுடன் கடமை முடிந்ததென்று நாம் ஓய்ந்துவிடுகிறோம். பட்டறைத் தொழிலாளியின் வாயிலும் ஊரவைத் தீர்மானத்திலும் ஏறாத சொல், கொட்டகையில் அடுக்கிய கலப்புப்பு மூட்டையைப் போன்றதே. அதுவும் எச்சந்தான்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இவை:

1. ஒவ்வொரு தூய்மையாக்க நிலையத்தின் வாயிலிலும், உள்ளே வந்த நீர், திரும்பிய நன்னீர், எஞ்சிய செறிகழிவு, அதன் வேதிவழித் தேவை, அது சென்று சேரும் இடம் ஆகிய ஐந்தும் தெளிதமிழில் எழுதப்படல் வேண்டும்.

2. நன்னீரின் ஆய்வுமுடிவை மட்டும் காட்டித் தூய்மைச் சான்று பெறும் வழக்கம் ஒழிதல் வேண்டும். செறிகழிவுக்கும் உப்பு மூட்டைக்கும் நிரம்பிய கரிக்கும் சேற்றுக்கும் கணக்கு முடிந்த பின்னரே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சான்று வழங்கல் வேண்டும்.

3. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரி சாயக்கழிவுக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்கள் ஆய்ந்து, முடிவைத் தமிழில் வெளியிடல் வேண்டும்.

4. சிறு பட்டறையார் தனித்துச் சுமக்கவியலாத செலவில், ஆடை வாங்கும் வெளிநாட்டு வணிகரும் பங்கேற்குமாறு விலையிலேயே அது சேர்க்கப்படல் வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996 ஆகசுட்டு 28ஆம் நாள் வேலூர்த் தோல்தொழிற்சாலை வழக்கில் உச்ச அறமன்றம் உறுதிசெய்தது. மலிவு விலையால் ஊதியம் பெறுபவனும் அதற்குப் புறம்பானவன் அல்லன்.

இவற்றை அரசு தானே முன்வந்து செய்யுமென்று காத்திராதீர். உங்கள் ஊரவை கூடும் நாளில் எழுந்து நின்று, "நம் ஊர் நீர்நிலையத்தின் செறிகழிவு எங்கே போகிறது?" என்று ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள். விடை வராவிடில் தகவலறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். கேட்கும் ஊரில் குழாயை ஒளித்து வைக்க இயலாது.

அம்மாணவன் மறுநாளே தன் தெருக் குடிநீர்க் கடைக்காரரிடம், "அண்ணா, இந்தச் செறிகழிவை எங்கே விடுகிறீர்கள்?" என்று கேட்டானாம். கடைக்காரர் திகைத்து, "அப்படியென்றால் என்ன?" என்றாராம். இவன் விளக்கியிருக்கிறான். சொல் வகுப்பை விட்டுத் தெருவிற்கு வந்துவிட்டது. தெருவிலிருந்து ஊரவைக்கும், ஊரவையிலிருந்து ஆலை வாயிலுக்கும் அது சென்று சேரட்டும். 'கழுவி' என்னும் எச்சத்தோடு நின்றுபோன வினையை 'முடித்தோம்' என்னும் முற்றோடு நிறைவு செய்வோம்.

வெல்க தமிழ்! வாழ்க நம் ஆறுகள்!